மேளம் கேட்கும் தூரம்

மகளின் திருமணத்தைத் தம் வீட்டு வாசலிலேயே நடத்திவிட வேண்டும் என்பதைத் தவிர, அந்தத் தை மாதத்தில் குப்புசாமிக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை. அந்த ஆசைக்குக் குறுக்கே ஒரு மரம் நின்றது. அதன் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

குப்புசாமி மலையிலேயே பிறந்து, மலையிலேயே மிளகும் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வந்தவர். முந்தின ஆண்டு மிளகு பறிக்கும்போது அவருடைய மனைவி பொன்னாயி மூங்கில் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்து நான்கு எட்டு நடக்கலாம், சாய்ந்து உட்காரலாம், ஆனால் ஜீப்பிலோ பஸ்ஸிலோ ஏறிக் குலுங்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வைத்தியத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று, மலைமேலேயே உள்ள சிறு நகரான செம்மேட்டில், பஸ் நிலையத்திலிருந்து பிரிகிற தெருவொன்றில், வாடகைக்கு வீடு பிடித்தார்கள். அதே தெருவில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் மகள் தேன்மொழிக்கு வேலையும் கிடைத்தது. தோட்டத்தைப் பார்க்கக் குப்புசாமி மட்டும் அவ்வப்போது பஸ்ஸில் போய் வருவார்.

தேன்மொழிக்கு வாசலூர்பட்டியிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை சந்தோஷ்குமார் நல்ல பிள்ளை. அவருடைய பெரியப்பா முருகானந்தமும் நல்ல மனிதர்தாம். வாய்தான் சற்று நீளம்.

“மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க” என்று நிச்சயத்தன்று வெற்றிலையை மடித்தபடி தொடங்கினார் முருகானந்தம். “உங்க ஊட்டு வாசல்ல லைட்டுக் கம்பம் இருக்குது. செல்போன் டவரு இருக்குது. அந்தாண்டை ஏடிஎம்மு இருக்குது. பால்மரம் இருக்குதுங்களா?”

“தேடிப் பாத்தாத்தானுங்க தெரியும்.”

“தேடுங்க, தேடுங்க. ஏடிஎம்முல பால் வந்தாலும் எங்களுக்குச் சம்மதந்தான்.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். குப்புசாமியும் சிரித்துவைத்தார். ஆனால் கேள்வி விளையாட்டானது அல்ல என்பதை அவர் அறிவார்.

அவர்கள் வகையறாவில் கல்யாணப் பந்தலின் முதல் காலில் பால்மரத்துக் கொம்பு ஒன்றைக் கட்டுவது வழக்கம். இலையைக் கிள்ளினால் பால் கசிகிற மரம் எதுவானாலும் பால்மரம். அதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. கல்யாண வீட்டு வாசலில் அடிக்கிற மேளம் அந்த மரத்துக்குக் கேட்க வேண்டும். தன் கொம்பு பந்தலுக்குப் போயிருக்கும்போது, அங்கே நடப்பது மரத்துக்கும் தெரிய வேண்டும் அல்லவா? அடுத்தது, கொம்பை வெட்டும் முன் பெண்ணின் தகப்பனார் மரத்தடியில் வெற்றிலை பாக்கு வைத்து, மரத்தை அதன் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பெயர் தெரியாத மரத்தைக் கத்தியால் தொடக் கூடாது. பெண் வீட்டுக்கு அப்படியொரு மரம் அமையாவிட்டால் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

மாப்பிள்ளை வீடு வாசலூர்பட்டியில். மற்றவர்களுக்கு அது ஒரு தூரமே அல்ல. பொன்னாயிக்கு அது போக முடியாத ஊர்.

மேளம் எதுவரை கேட்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் குறித்தார்கள். மேளக்காரர் தனபால் வீட்டு வாசலில் நின்று அடிக்க, குப்புசாமியும் முருகானந்தமும் தெருவில் நடந்தார்கள். தேன்மொழி கைப்பேசியுடன் பின்னால் வந்தாள். கல்யாணப் பெண் கூட வரலாமா என்று முருகானந்தம் கேட்டதற்கு, “மரத்தைப் பாக்கத்தானுங்களே மாமா போறோம், மாப்பிள்ளையைப் பாக்கவா போறோம்?” என்று சொல்லிவிட்டாள்.

மலைக் கிராமத்தில் தனபாலின் மேளம் இரண்டு மேடுகள் தாண்டிக் கேட்கும். செம்மேட்டிலோ தெரு முனைக்குள்ளேயே அது திணறிற்று. ஒரு பக்கம் சந்தைக்கு மரவள்ளி ஏற்றிவந்த லாரி உறுமியது. மறுபக்கம் சேலத்துப் பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தது. பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் போய் நின்று மூவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுகிற ஓசைதான் வந்தது.

“அரசு அவுட்டுங்க மச்சான்” என்றார் முருகானந்தம், கிரிக்கெட் நடுவரைப் போல ஒரு விரலை உயர்த்தி.

எஞ்சியது, டயர்க் கடைக்கும் செல்லாத்தாள் என்பவரின் டீக்கடைக்கும் இடைப்பட்ட தெருத் துண்டு. அதில் நின்ற மரங்களை, அங்கே குடிவந்து இவ்வளவு காலமாகியும், குப்புசாமி அன்றுதான் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். தெரிந்தவை சிலவே. சில்வர் ஓக்கைத் தெரியும். அவருடைய மிளகுக் கொடிகள் ஏறுவதே அதில்தான். புங்கனைத் தெரியும். மற்றவை எல்லாம் வழியில் அடிக்கடி எதிர்ப்படுகிற, ஆனால் ஒருநாளும் பேசியிராத மனிதர்களைப் போல இருந்தன.

“இது தூங்குமூஞ்சிங்கப்பா. சாயங்காலமானா இலையை மடிச்சுக்கும்” என்றாள் தேன்மொழி.

குப்புசாமி எட்டி ஓர் இலையைக் கிள்ளினார். பால் இல்லை.

“இது மயில்கொன்றை. சித்திரையில செவசெவன்னு பூக்குமே, அது.”

கிள்ளினார். இல்லை.

“அது நெட்டிலிங்கம்.”

“ஏன் கண்ணு, இதுக்கெல்லாம் கெளையே இல்லையா? தென்னங்குருத்தாட்டம் நிக்குது.”

“அது அப்படித்தானுங்கப்பா.”

அஞ்சல் அலுவலகத்துக்கு எதிர்வீட்டில் பலா ஒன்று காய் பிடித்து நின்றது. பலாவில் பால் உண்டு. ஆனால் சோறு போடுகிற மரத்திடம் கொம்பு கேட்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. அடுத்த வீட்டுப் பப்பாளியை முருகானந்தம் ஆசையோடு சுட்டிக்காட்டினார். குப்புசாமி கேளாதவர் போல் நடந்தார்.

மலைக்காட்டில் எந்த மரத்தையும் நூறு அடிக்கு அப்பால் இருந்தே சொல்லிவிடுகிறவர், செம்மேட்டுத் தெருவில் ஏன் இப்படித் தடுமாறினார் என்று வாசகர்கள் ஐயுறலாம். அவர் மரத்தை முகம் பார்த்து அறிந்தவர் அல்லர். இடம் பார்த்து அறிந்தவர். ஓடைக்கரையில் நிற்பது இன்னது, சரிவில் நிற்பது இன்னது, தேன்கூடு தொங்குவது இன்னது என்பதே அவருடைய கணக்கு. தெருவிலோ மரங்கள் தமக்குப் பிடித்த இடத்தில் நிற்கவில்லை. வைத்த இடத்தில் நின்றன.

செல்லாத்தாளின் டீக்கடையை ஒட்டி, சாலையின் பள்ளப் பக்க ஓரத்தில், ஒரு மரம் இருந்தது. அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசி மேடை கட்டியிருந்தார்கள். தலைக்கு மேல் மின்கம்பி போனதால், உச்சியை ஆண்டுதோறும் வெட்டிவிடுவார்கள் போலும். கிராப்பு வெட்டிக்கொண்ட தலையைப் போல மட்டமாக இருந்தது. மேளம் அங்கே கேட்டதா என்றால், கேட்டது. பஸ் ஹாரன் அடிக்காத நேரத்தில் மட்டும் கேட்டது.

குப்புசாமி இலையைக் கிள்ளினார். காம்பின் நுனியில் வெள்ளையாக ஒரு சொட்டுத் திரண்டது.

“பால்!” என்றாள் தேன்மொழி.

“பால்தான்” என்று முருகானந்தமும் ஒப்புக்கொண்டார். “சரி, மரத்தோட பேரு?”

குப்புசாமி மேலும் கீழும் பார்த்தார். நேரான ஒற்றை அடிமரம். நீண்ட காம்பில் அகன்ற இலை, புழுதி படிந்திருந்தது. ஓர் இலையை முகர்ந்தும் பார்த்தார், பெயர் பிடிபடவில்லை.

“பந்தக்கால் வர்ற வெள்ளிக்கெழமை” என்றார் முருகானந்தம், இம்முறை சற்றுக் கனிவாகவே. “அன்னிக்கு வந்து நிப்பேன். நீங்க பேரு சொல்லிக் கூப்புடுங்க, கொம்பு வெட்டுங்க, இங்கயே பந்தல் போடுங்க. இல்லீன்னா எங்க ஊட்டுல வச்சுக்குவோம். அம்மிணியைக் கூட்டிட்டு வர ஏதாச்சும் வழி பண்ணுவோம். பேரு தெரியாத ஆளுக்குப் பத்திரிகை வச்சோம்னு நாளைக்கு யாரும் சிரிக்கக் கூடாதுல்ல மச்சான்?”

அன்று முதல் குப்புசாமிக்கு அந்த மரமே வேலையாயிற்று. தெருவில் விசாரித்தார். டயர்க் கடையில் அதற்குக் கரண்டு மரம் என்று பெயர். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது டீக்கடை மரம். மருந்துக் கடைக்காரர், “எந்த மரமுங்க?” என்று திரும்பக் கேட்டார். அவர் அன்றாடம் வண்டியை நிறுத்துவது அதன் நிழலில்தான்.

தேன்மொழி கைப்பேசியில் இலையைப் படம் பிடித்துக் கேட்டாள். முதல் முறை அது ஆலமரம் என்றது. கொஞ்சம் தள்ளி நின்று பிடித்தபோது அரசு என்றது. மூன்றாம் முறை ஏதோ வெளிநாட்டுத் தொட்டிச் செடியின் பெயரைச் சொல்லி, வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றும்படி அறிவுரையும் வழங்கியது.

“இதுக்கு நம்மளையே நாம கேட்டுக்கலாம்” என்றார் குப்புசாமி.

“வெட்டுன மரமுங்கப்பா. புதுத் துளிருல வர்ற இலை பெருசா, ஒரு மாதிரியா இருக்குது. அதான் போனுக்குக் கொழப்பம். வெட்டாத கெளை ஒண்ணு கெடைச்சா நல்லாருக்கும்.”

டீக்கடைச் செல்லாத்தாள் அடிவாரத்துக் காரவள்ளிக்காரர். தோட்டம் துரவுள்ள குடும்பம். மகன் விவசாயத்தைப் பார்த்துக்கொள்ள, கணவரோடு மலையேறி வந்து கடை போட்டவர். குப்புசாமி டீ குடிக்காமலே மரத்தைச் சுற்றி வருவதை அவரும் கவனித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கண்ணா, அப்படி என்னத்தைப் பாக்கறீங்க? நான் கடை போட்டப்பவே இந்த ஒசரம் இருந்துச்சுங்க.”

“பேரு தெரியோணும் அம்மிணி.”

“ஏதோ ஒரு பேரைச் சொல்லிக் கூப்புடுங்க. மரம் என்ன ஆதார் கார்டா கேக்கப்போவுது?”

குப்புசாமி சிரிக்கவில்லை. அந்த எண்ணம் அவருக்கும் வந்திருந்ததே காரணம். ஆல் என்று சொல்லிவிட்டால் என்ன? கைப்பேசியும் ஒருமுறை அப்படித்தானே சொன்னது? முருகானந்தத்துக்கு மட்டும் இது என்னவென்று தெரியுமா?

செவ்வாய்க்கிழமை பிற்பகல், கேட்க யாரும் இல்லையென்று எண்ணி, கைகளைக் குவித்து மெல்லச் சொல்லிப் பார்த்தார். “ஆலமரமே, எங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு…”

“அது ஆலு இல்லீன்னு உங்களுக்கே தெரியுமுங்களே” என்றது கட்டிலிலிருந்து பொன்னாயியின் குரல். உறங்குகிறார் என்று நினைத்திருந்தார். “எங்கயோ இருக்கற ஆலு, நம்மளைக் கூப்புட்டாங்கன்னு கெளம்பி வந்து நிக்கும். பக்கத்துல நிக்கறது, நம்மளைக் கூப்புடலையேன்னு நிக்கும். வேண்டாமுங்க.”

குப்புசாமி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

“அங்கயே வச்சுக்குங்க” என்றார் பொன்னாயி, சுவரைப் பார்த்தபடி. “எனக்கு என்ன? சந்தோஷு தம்பி போன்ல காட்டுவாருங்க. வீடியோவுல பாத்துக்கறேன். பந்தல் சோறு மட்டும் மறக்காம வாங்கியாங்க.”

சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துத் தாடை வரை மூடிக்கொண்டார். வெயில் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. குப்புசாமி அதற்கு மேல் அங்கே இருக்க முடியாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

அன்று செல்லாத்தாள் கேட்காமலே டீ கொடுத்தார். மரத்தடி மேடையில் உட்கார்ந்து அவர் உறிஞ்சும்போது, சருகு ஒன்று தம்ளருக்குள் விழுந்தது.

“இனி கெடந்து கூட்டோணும்” என்று அலுத்துக்கொண்டார் செல்லாத்தாள். “மாசியில பாருங்க, ஒரு வாரம், பத்து நாளுக்குள்ள அத்தனையும் கொட்டிப்போட்டு மொட்டையா நிக்கும். அப்புறம் துளிரு வரும் பாருங்க, செம்புப் பாத்திரம் வெளக்கி வச்ச மாதிரி. டீ குடிக்கறதை வுட்டுப்போட்டு போட்டோ எடுப்பாங்க.”

தம்ளரிலிருந்து சருகை எடுக்கப் போன குப்புசாமியின் கை நின்றது.

“செம்புக் கலர்லயா?”

“ஆமாங்க. வெள்ளையா ஒரு உறை வேற இருக்கும், துளிரை மூடிக்கிட்டு. அது அத்தனையும் பஜ்ஜி மேல விழும்.”

செம்பு நிறத் துளிரை அவர் அறிவார். அந்தப் பெயர் நாக்கின் நுனி வரை வந்தது. வந்த பெயரை அவரே தலையசைத்து விலக்கினார். அது இங்கே நிற்க வழியில்லை.

வேலை முடிந்து வந்த தேன்மொழியிடம் செல்லாத்தாள் சொன்னதை ஒப்பித்தார். அவள் மேடைமேல் ஏறி நின்று அண்ணாந்து பார்த்தாள். சாலைப் பக்கக் கிளைகள் எல்லாம் கம்பிக்காக வெட்டப்பட்டிருந்தன. பள்ளத்துப் பக்கம் மட்டும் ஒரு கிளை, கம்பிக்கு இடைஞ்சல் இல்லாததால், தன் போக்கில் நீண்டிருந்தது.

“அது வெட்டாத கெளைங்கப்பா! அதுல ஏதோ காய் மாதிரித் தெரியுது.”

செல்லாத்தாள் கடைக்குள்ளிருந்து ஒரு தொரட்டியை எடுத்துவந்தார். குப்புசாமி அதன் கொக்கியைக் கிளை நுனியில் மாட்டி, உடையாமல் வளைத்துத் தாழ்த்தினார். தேன்மொழி எட்டிப் பிடித்துப் பார்த்தாள். இலைக்காம்பு முளைக்கிற ஒவ்வொரு கணுவிலும் சுண்டைக்காயை விடச் சிறிதாகக் காய்கள், இரண்டிரண்டாக, காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தாள். ரத்தத் துளிக்குள் உள்ளதைப் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. அதை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள்.

“உள்ள பூவுங்கப்பா. பொடிப்பொடியா நெறைய. அத்திப்பழத்துல இருக்கற மாதிரியே. ஆலு, அரசு, அத்தி இதுங்க சாதிதான் இது. ஆனா இலை ஆலு இல்லை, அரசும் இல்லை.”

“ரெட்டை ரெட்டையாவா இருக்குது?”

“ரெட்டை ரெட்டையா.”

குப்புசாமி பெருமூச்சு விட்டார். “காயைப் பாத்தா இச்சி. துளிரைக் கேட்டா இச்சி. ஆனா கண்ணு, இது இச்சி இல்லே.”

“ஏனுங்கப்பா?”

“இச்சி மண்ணுல நிக்காது சாமி. பாறை மேலதான் குந்தியிருக்கும். வேரு பாறையைக் கவ்விட்டு வழிஞ்சு எறங்கும். நம்ம மலையில எத்தனை இச்சி பாத்திருப்பேன்? ஒண்ணாச்சும் இப்படிக் கம்பமாட்டம் தரையில நின்னு பாத்தது இல்லே. பாறை இல்லாத எடத்துல இச்சி எப்படி வரும்?”

தேன்மொழி கிளையை விடவில்லை. “காய் நாலு வேணுமுங்கப்பா. நல்ல வெளிச்சத்துல லென்சு வச்சுப் பாக்கறேன்” என்று மட்டும் கேட்டாள். குப்புசாமி தொரட்டியைச் சற்றே முறுக்கினார். விரல் தடிமன் குச்சி ஒன்று முறிந்தது. ஆனால் கைக்கு வராமல், சாலையோரத்தைத் தாண்டிப் பள்ளத்தில் போய் விழுந்தது.

செம்மேட்டில் ஒரு வீட்டின் கூரையும் அடுத்த வீட்டின் வாசலும் ஒரே மட்டத்தில் இருப்பது புதிதல்ல. அந்தத் தெருவும் சரிவில் வெட்டிய தெருதான். சாலை சரிந்துவிடாமல் இருக்கப் பள்ளத்துப் பக்கம் கருங்கல் அடுக்கி, ஆள் உயரத்துக்கும் மேலாகத் தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அதன் கீழே ஒரு குடித்தனக்காரரின் கொல்லை. டீக்கடையை ஒட்டிய குறுகலான படிகளில் குப்புசாமி இறங்கினார். கீழ்வீட்டு அம்மாளிடம், குச்சி ஒன்று விழுந்துவிட்டது, எடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். குனிந்து குச்சியை எடுத்தார். நிமிர்ந்தார்.

அவர் எதிரே பாறை இருந்தது.

பாறை அல்ல, தடுப்புச் சுவர்தான். ஆனால் சுவரைக் காண முடியாதபடி மேலிருந்து கீழ்வரை வேர்கள் வழிந்து இறங்கியிருந்தன. சாம்பல் நிற வேர்கள் விரல்களாகப் பிரிந்து, ஒவ்வொரு கருங்கல்லையும் சுற்றிவளைத்து, மீண்டும் ஒன்றோடொன்று கூடிக் கல்லைக் கவ்விப் பிடித்திருந்தன. சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சிமென்ட் மேடையும் நேரான அடிமரமும் மட்டுமே தெரியும். சிமென்ட் மூடாத இந்தப் பக்கத்தில் மரம் தன் வழக்கப்படியே உட்கார்ந்திருந்தது. பாறை கிடைக்காத ஊரில், சுவரைப் பாறையாக எடுத்துக்கொண்டிருந்தது.

குப்புசாமி செருப்பைக் கழற்றினார். கிட்டே போய், ஒரு வேரின் மேல் உள்ளங்கையை வைத்தார். அவருக்குப் பழக்கமான குளிர்ச்சி, பழக்கமான வழவழப்பு.

“கண்ணு” என்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். “லென்சு வேண்டாம். எறங்கி வா. வந்து இந்தக் கூத்தைப் பாரு.”

வெள்ளிக்கிழமை காலையில் முருகானந்தம் வேட்டி சட்டையில் விறைப்பாக வந்தார். தனபால் மேளத்தோடு வந்தார். மரத்தடி மேடையைச் செல்லாத்தாள் கழுவிக் கோலம் போட்டிருந்தார்; “கடைக்கு முன்னாலதானே நடக்குது, நம்ம ஊட்டு விசேசம் மாதிரித்தானுங்க” என்றார். குப்புசாமி வெற்றிலை பாக்கையும் தேங்காயையும் வைத்து, கைகளைக் குவித்தார்.

“யாருக்கு அழைப்புங்க மச்சான்?” என்றார் முருகானந்தம் உரக்க. “பேரைச் சொல்லுங்க, கேப்போம்.”

“இச்சி மரமே” என்றார் குப்புசாமி. “எம் மக தேன்மொழிக்குக் கல்யாணம். எங்க ஊட்டுக்கு நீ வரோணும் சாமி. கொம்பு ஒண்ணு குடு. வலிச்சாப் பொறுத்துக்க.”

“இச்சியா?” முருகானந்தம் மரத்தை அண்ணாந்து பார்த்தார், சிமென்ட் மேடையையும் பார்த்தார். “மச்சான், கோவிச்சுக்காதீங்க. நானும் மலைக்காரன்தான். இச்சி தரையில நின்னு எங்காச்சும் பாத்திருக்கீங்களா? பாறை எங்க?”

அதே கேள்வி. குப்புசாமிக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அவர் முருகானந்தத்தின் கையைப் பிடித்து, பார்த்து இறங்கச் சொல்லி, படிகளின் வழியே கொல்லைக்கு அழைத்துப் போனார்.

மேலே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னர் முருகானந்தத்தின் சிரிப்பு மேலே வந்தது.

“அடேங்கப்பா! மேல பாத்தா டவுனுக்காரன், கீழ பாத்தா நம்மாளு!”

மேலேறி வந்தவர் தாமே கத்தியை எடுத்துக் குப்புசாமியின் கையில் கொடுத்தார். பள்ளத்துப் பக்கக் கிளையிலிருந்து மூன்று கவடுள்ள ஒரு கொம்பை மட்டும் குப்புசாமி வெட்டினார். வெட்டுவாயில் பால் பொங்கி வழிந்தது. தேன்மொழி அதில் ஈரமண்ணை அப்பினாள்.

கொம்பைத் தோளில் ஏந்தி வீட்டுக்கு வந்தபோது, பொன்னாயியின் கட்டில் வாசலுக்கே வந்திருந்தது. தலையணைகளில் சாய்ந்து, புதுச் சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தார். கொம்பைப் பந்தக்காலில் கட்டும்போது மஞ்சள் நூலின் ஒரு முனையைத் தாமே பிடித்துக்கொண்டார்.

இனி எஞ்சியது ஒன்றுதான். மேளம் மரத்துக்குக் கேட்கிறதா என்று மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் மரத்தடியில் நின்று சொல்ல வேண்டும். முருகானந்தம் போய் நின்றார். தனபால் அடிக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து, தெரு முனையில் திரும்ப முடியாமல் நின்ற பஸ் ஒன்று ஹாரனை அழுத்தத் தொடங்கியது. விடாமல் அழுத்தியது. தெருக் கோடியில் முருகானந்தம் காதில் கை வைத்து, இல்லை என்று தலையாட்டுவது தெரிந்தது.

தனபாலுக்கு வேர்த்தது. குப்புசாமி ஒரு கையால் கட்டிலின் சட்டத்தைப் பற்றிக்கொண்டார்.

அப்போது டீக்கடையிலிருந்து செல்லாத்தாளின் குரல் தெரு முழுவதும் கேட்டது. “ஏனுங்க டிரைவரண்ணா! அந்த ஆரனைச் செத்த நிறுத்துங்க! மரம் கேக்கட்டும்!”

டிரைவருக்கு என்ன விளங்கிற்றோ தெரியாது. ஹாரன் நின்றது. லாரிக்காரர் ஒருவரும் எதற்கோ எஞ்சினை அணைத்தார். தெரு அமைதியாயிற்று. அதன் நடுவே தனபாலின் மேளம், அவசரமில்லாமல், வாசலிலிருந்து புறப்பட்டுப் போயிற்று.

தெருக் கோடியில் முருகானந்தம் தோள் துண்டை உருவித் தலைக்கு மேல் சுழற்றினார்.

“கேக்குதாமா?” என்றார் பொன்னாயி.

“கேக்குதாம்.”

பொன்னாயி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். இத்தனை நாளும் உள்ளறைக் கட்டிலிலேயே கிடந்தவர் அவர். வாசலில் இவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றுதான்.

“அந்த டயருக் கடைக்கு இந்தாண்டை ஒண்ணு நிக்குதே, ஊதாப் பூவா உதுத்திட்டு. அது என்ன மரமுங்க?”

குப்புசாமி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“தெரியலே” என்றார். “விசாரிச்சுச் சொல்றேன்.”